உன் பெயருள்ள கேடயம் எங்கள் வீட்டில் இருந்த வருடம்

முதல் ரேங்க்காரிக்கு,

காலையிலிருந்து கையில் புளி வாசம் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் பார்த்துவிட்டேன். பித்தளைத் தகட்டில் உன் பெயரைத் தேய்த்ததால் வந்த வாசம் இது. நாளைக்குப் பள்ளியில் ஆண்டு விழா. கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போன வருடம் பளபளவென்று வந்த பொருளை மங்கலாகத் திருப்பிக் கொடுத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று உட்கார்ந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உன் பெயர் மின்னியது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தபோது உனக்கு மாதாமாதம் பேட்ஜ் குத்திவிட்டதும் நான். இப்போது உன் பெயரைத் துலக்குவதும் நானே என்றால் இதற்கு ஒரு முடிவு வேண்டாமா?

என்ன கேடயம் என்று நீ முழிப்பாய். உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீ போன மறுவருடம், உன்னிடம் கல்லூரியில் வேதியியல் படித்த பெண்களும் உங்கள் மீனவக் குப்பத்துக்காரர்களும் சேர்ந்து, நாம் படித்த பெண்கள் பள்ளிக்கு உன் பெயரில் ஒரு சுழற்கேடயம் செய்து கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பெண்களுக்கு. பரீட்சை மதிப்பெண்ணோடு பேச்சுப் போட்டி, வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, கோகோ, பாட்டு என்று எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. மொத்தத்தில் முதலாவதாக வருகிறவள் வீட்டில் கேடயம் ஒரு வருடம் இருக்கும். அடுத்த ஆண்டு விழாவில் அவளே மேடையேறி, அடுத்து ஜெயித்தவள் கையில் அதைக் கொடுக்க வேண்டும்.

முதன்முதலாக அதை வாங்கியது யார் தெரியுமா? என் மகள். எட்டாம் வகுப்பில் வாங்கினாள்.

கேடயத்தைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஓடியே வந்திருக்கிறாள். வியர்த்து விறுவிறுத்து வந்து என் மடியில் வைத்தாள். பெற்ற வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. குளிர்ந்த வயிறு அடுத்த நிமிடமே எரிந்தது. தேக்குப் பலகை நடுவில் பெரிய தகடு, அதில் உன் பெயர், பெயருக்குப் பின்னால் உன் பட்டங்கள் அத்தனையும். கீழே ஓரமாக, விரல் நகம் அளவுக்குச் சின்னதாக ஒரு தகடு. அதில் என் மகள் பெயர். என்னை உனக்குக் கீழே வைத்துத் தீரவில்லை என்று என் பெண்ணையும் கொண்டுபோய் உனக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடித்து வந்தார். "இன்னா சூப்பரா கீது!" என்று அதை டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸில் வைத்தார். வாசற்படியில் நிற்கிறவர் கண்ணுக்கு முதலில் படுகிற இடம் அதுதான். அவர் குளிக்கப் போனதும் நான் எடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளினேன். வந்து பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் பழைய இடத்திலேயே வைத்தார். இப்படி ஒரு வாரம் எனக்கும் அவருக்கும் பேச்சில்லாமல் ஒரு சண்டை நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து உன் பெயரை வாய்விட்டுப் படித்து, "இது யாரு, உன் நாத்தனாரா?" என்று கேட்டாள். "கீழ பாருக்கா, சின்னதா கீது பாரு, அதான் எம்பொண்ணு" என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாம் வகுப்பு முடியும் வரைக்கும் நான்தான் முதல் ரேங்க். இதை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், நீ ஒரு தடவைகூட அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உங்கள் குப்பத்துப் பள்ளியில் எட்டு வரைதான் இருந்தது. அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு, கடலை ஒட்டிய உங்கள் உப்பு ஏரிக்கரையிலிருந்து பஸ் ஏறிப் பொன்னேரிக்கு வந்தாய். உங்கள் ஊரில் இன்னும் ஒரு வகுப்பு இருந்திருந்தால் எனக்கு இன்னும் ஒரு வருடம் நிம்மதி கிடைத்திருக்கும். முதல் நாள் தலைமுடி காற்றில் பறந்து பறந்து சிக்கெடுத்த கோலத்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "நவுந்து ஒக்காருடீ" என்றாய். அன்றைக்கு நகர்ந்தவள்தான்.

அந்த மாதத் தேர்விலேயே என் முதல் ரேங்க் போயிற்று. நம் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ரேங்க் படிப்பார்கள். முதல் ரேங்க் வாங்கியவளுக்குச் சிவப்பு பேட்ஜ். அதை அவள் சட்டையில் குத்திவிட வேண்டியது இரண்டாம் ரேங்க் வாங்கியவள். அப்படிச் செய்தால் பிள்ளைகளுக்குள் பொறாமை வராது என்று எந்தக் காலத்துத் தலைமையாசிரியை கண்டுபிடித்தாரோ தெரியவில்லை, அவர் ஒருநாளும் இரண்டாம் ரேங்க் வாங்கியிருக்க மாட்டார். பள்ளிக்கூடமே வரிசையில் நின்று பார்க்க, நான் ஊக்கைத் திறந்து உன் எதிரே நிற்பேன். நீ வாயை அசைக்காமல், "பாத்துடீ, மேல குத்திடாத" என்பாய். எனக்குச் சிரிப்பும் வரும், நிஜமாகவே குத்த வேண்டும் போலவும் வரும். பத்து முடியும் வரை, சில மாதங்கள் போக, இதே கதைதான். அந்தச் சில மாதங்களில் நீ எனக்குக் குத்திவிட்டாய். ஊக்கைக் கோணலாகக் குத்தி, பேட்ஜ் மத்தியானத்துக்குள் தொங்கிவிடும். அதற்காக உன்னோடு ஒரு நாள் பேசாமல் இருந்தேன். நீ அதைக் கவனிக்கவே இல்லை.

உன்னை ஆசிரியைகளுக்குப் பிடித்தது, வகுப்புக்குப் பிடித்தது, வாட்ச்மேனுக்குக்கூடப் பிடித்தது. நான் விடியற்காலையில் எழுந்து பாடத்தை வரிக்கு வரி உருப்போடுவேன். நீ பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு தடவை படித்துவிட்டு வந்து என் சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடுவாய். மார்க் வந்ததும் நான் கூட்டிக் கழித்துக் கண் கலங்க நிற்பேன். "இன்னா இப்போ?" என்பாய்.

போட்டிகள் வேறு. பேச்சுப் போட்டி, கட்டுரை, வினாடி வினா, கோலம் என்று எதற்கு அறிவிப்பு வந்தாலும் நீ எழுந்து நின்று உன் பெயரைக் கொடுப்பாய். கொடுத்துவிட்டு என்னைக் கேட்காமலே, "மிஸ், இவளும் வருவா" என்பாய். நான் உன் பாவாடையைப் பிடித்து இழுப்பேன், நீ காலால் என்னை உதைப்பாய். இன்றைக்கும் என் பீரோவில் ஒரு கட்டுச் சான்றிதழ் இருக்கிறது. பேச்சில் இரண்டாம் பரிசு, கட்டுரையில் இரண்டாம் பரிசு, கோலத்தில் ஆறுதல் பரிசு. கோலத்தில் நீயும் ஆறுதல் பரிசுதான். அதனால் அந்த ஒரு சான்றிதழை மட்டும் நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். திருவள்ளூர்க் கண்காட்சியை எப்படி மன்னிக்க?

பத்தாம் வகுப்பு, ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். மாவட்ட அளவில் அறிவியல் கண்காட்சி. கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் மாதிரி ஒன்றை நாம் இருவரும் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அப்போது நம் பக்கத்தில் அதற்கான பெரிய ஆலையெல்லாம் வந்திருக்கவில்லை. யோசனை உன்னுடையது, வேலை என்னுடையது. என் அப்பா தொழிற்பேட்டையில் பிட்டர். அவர் பட்டறையிலிருந்து குழாயை இறுக்கிப் பிடிக்கும் பிடி ஒன்றைக் கடன் வாங்கி, பிரிட்ஜ் ரிப்பேர் கடையிலிருந்து செப்புக் குழாய் வாங்கி, மடங்காமல் நெளியாமல் சுருள் சுருளாக நானே வளைத்தேன். அம்மாவின் குக்கர் மூடியில் விசிலைக் கழற்றிவிட்டுக் குழாயைப் பொருத்தினேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் குக்கர் சோறு இல்லை. உப்புத் தண்ணீர் குக்கரில் கொதிக்கும், ஆவி சுருள் வழியாகப் போய் வாளித் தண்ணீரில் குளிர்ந்து, மறு பக்கம் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் விழும். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உப்புத் தண்ணீர் கொண்டு வருவது.

கொண்டு வந்தாய். வெள்ளைக் கேன் நிறைய.

நடுவராக வந்தவர் கல்லூரிப் பேராசிரியர் என்றார்கள். வழுக்கைத் தலை, கடுகடு முகம். நம் மேசைக்கு வந்து நின்று, முதலில் கேனிலிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் தொட்டு வைத்தார்.

"ஏம்மா, இதுல உப்பே இல்லையே! நேராவே குடிக்கலாம் போல இருக்கே!"

நானும் தொட்டுப் பார்த்தேன். சப்பென்றிருந்தது. நீ நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய்.

"சார், தப்பு எங்களுது சார். கடல் கொந்தளிச்சி ரப்பா கீதுன்னு நைனாவ ஊட்டுக்குப் பின்னாலயே ஏரித் தண்ணிய மொண்டு தரச் சொன்னேன். ஏரின்னா உப்புத் தண்ணின்னு வாய் பழகிப் போச்சு. மழ பேஞ்சி ஆத்துத் தண்ணி வந்து உழுந்தா எங்க ஏரி சப்புனு ஆயிடும் சார். பொறந்ததுலேர்ந்து அத்தப் பாத்துக்கினு கீறேன், நானே ஏமாந்துட்டேன் பாருங்க!"

அந்தக் கடுகடு முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்படியா? அப்புறம் எப்ப உப்பாகும்?" என்று மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டார். நீ ஆரம்பித்தாய். தண்ணீர் சப்பென்று ஆனால் இறால் முகத்துவாரம் பக்கம் போவதும், உன் நைனா அந்தச் சமயம் பார்த்து வலை போடுவதும், கோடையில் அதே தண்ணீரில் நாக்கை வைக்க முடியாமல் போவதும். நடுவில் என் பக்கம் திரும்பி, "ஓடுடீ, கடையில உப்புப் பொட்டலம் வாங்கினு வா, கலக்கிக் காட்டலாம்" என்றாய்.

நான் ஓடினேன். முட்டாள் மாதிரி ஓடினேன். கேட்டுக்கு வெளியே முதல் கடையில் கல்லுப்பு இல்லை, அடுத்த கடைக்கு ஓடினேன். பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்து நின்றபோது நடுவர் போய்விட்டிருந்தார். ஒரு பத்திரிகைக்காரர் உன்னைப் படம் எடுத்து முடித்துக் கேமராவை மூடிக்கொண்டிருந்தார். நமக்கு முதல் பரிசு. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. என் குக்கர், என் செப்புச் சுருள், பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நீ. நான் உப்பு வாங்கப் போயிருந்தேன்.

தப்புச் செய்யாதவள் கடைக்கு ஓடினாள், தப்புச் செய்தவள் பேப்பரில் வந்தாள். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அப்பா அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு, "கொயாய நல்லா வளச்சிருக்க கண்ணு, படத்துல தெளிவா தெரியுது" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

பிளஸ் டூ முடிவு வந்த அன்றைக்கு எனக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. மொத்தத்தில் நீதான் முதல், வழக்கம்போல. ஆனால் கணக்கில் பள்ளிக்கே நான் முதல். பலகையில் என் பெயர் தனியாக, உன் பெயர் பக்கத்தில் இல்லாமல் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய், அம்மா வாயால் நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் நீ ஜாங்கிரிப் பெட்டியோடு வந்துவிட்டாய். "அம்மா, கணக்குல இவ எல்லாரையும் தூக்கி சாப்புட்டா மா!" என்று என் அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாய். உன் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போன பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்மாம் நல்ல மனசு பாரு அந்தப் பொண்ணுக்கு" என்றாள். அன்று பூராவும் எங்கள் வீட்டில் உன் மனசைப் பற்றித்தான் பேச்சு. என் கணக்கு மார்க்கு ஜாங்கிரியோடு கரைந்து போயிற்று.

பிறகு நீ மேலே மேலே படித்தாய். நான் பட்டம் வாங்கியதோடு நிறுத்தி, கல்யாணம் ஆகி, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். உருவி வரும் இரும்புக் குழாயை அளந்து, சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. நல்ல வேலைதான், எனக்குப் பிடிக்கும். ஆனால் நீ எப்போது போன் செய்தாலும் ஏதாவது ஒரு புதுச் செய்தி இருக்கும். டாக்டர் பட்டம், கல்லூரி வேலை, வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கு. "சந்தோசம்டீ" என்பேன். போனை வைத்ததும் அன்று செய்த சாம்பாரில் உப்புக் கூடிவிடும். வீட்டுக்காரருக்கு அது பழகிவிட்டது. ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா, உன் பிரெண்டு போன் பண்ணாளா?" என்பார்.

உனக்கு ரத்தத்தில் புற்று என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேனே, அங்கேயும் நீ என்னைச் சும்மா விடவில்லை. வார்டு வாசலில் உன் மாணவிகள் கூட்டம். ஒருத்தி கையில் கஞ்சி, ஒருத்தி கையில் பழம். ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். நான் படுத்தால் எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓடியது. உள்ளே நீ, முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு, பாதியாகக் கிடந்தாய். நான் அழ ஆரம்பிக்கும் முன்னே கேட்டாய்.

"உம்பொண்ணு இன்னா ரேங்க்?"

"செகண்டு."

நீ சிரித்தாய். சிரித்து இருமல் வந்து, நர்ஸ் ஓடி வரும் அளவுக்குச் சிரித்தாய். தண்ணீர் குடித்து மூச்சு சீரானதும், "ஃபர்ஸ்ட் ரேங்க்காரி கூட பேசறாளா? இல்ல உன்ன மாரி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறாளா?" என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமாடீ?" என்றேன்.

"தெரியாம? பேட்ஜ் குத்தும்போது உன் மூக்கு வெடைக்கும் பாரு, அத்தப் பாக்கறதுக்குன்னே படிப்பேன். நீ இல்லன்னா எவடீ படிச்சிருப்பா அந்த பேஜாரெல்லாம்!"

உன்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது உனக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. அது எனக்குக் கோபமாக இருந்தது. அப்புறம் நீ என் கையை எடுத்து உன் மேல் வைத்துக்கொண்டாய். ஊசி ஏறி ஏறி உன் கை கறுத்திருந்தது. நீ என் மேல் ஒருநாளாவது பொறாமைப்பட்டிருக்கிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் இல்லை என்பாய், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாய். அதனால் கேட்கவில்லை. அதற்கப்புறம் உன்னை உயிரோடு பார்க்கவில்லை.

போன வருடம் கேடயம் வந்ததற்கு இந்தப் பின்கதை எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. மாதங்கள் போகப் போக, காலையில் காபியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தால் முதலில் உன் பெயர்தான் கண்ணில் பட்டது. பார்த்ததும் ஏதாவது ஒன்று சொல்லத் தோன்றும். "வந்து ஒக்காந்துக்கினியா நடு ஊட்ல?" என்பேன். கம்பெனியில் சூப்பர்வைசரோடு தகராறு என்றால் அதையும் சொல்வேன். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யார்கிட்ட பேசினு கீற?" என்றார். "டிவி சீரியல்" என்றேன். டிவி ஓடவில்லை.

இந்த வருடம் என் மகளுக்கு மொத்தப் புள்ளியில் இரண்டாம் இடம். மீஞ்சூரிலிருந்து லோக்கல் ரயிலில் வரும் ஒரு பெண் முதலிடம். பாட்டுப் போட்டியில் வாங்கிய புள்ளியில் அவள் மேலே போய்விட்டாளாம். என் மகள் பாட்டுக்குப் பெயர் கொடுக்கவில்லை. செய்தியைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், மூக்கு விடைத்திருந்தது. அவளுக்கு நாஷ்டா எடுத்து வைத்துவிட்டு, சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

முந்தாநாள் இதுவரைக்கும் எழுதி, கேடயத்தை எடுத்துப் பையில் போடும் நேரமாகிவிட்டதால் நிறுத்தினேன். இப்போது விழா முடிந்து மறுநாள் காலை.

மேடையில் என் மகள் ஒழுங்காக நடந்துகொண்டாள். கேடயத்தை நீட்டினாள், கை கொடுத்தாள், சிரிக்கக்கூடச் செய்தாள். தலைமையாசிரியை உன்னைப் பற்றி மைக்கில் பேசினார். ஒழுக்கம், பணிவு, நேரந்தவறாமை என்றார். உன் நேரந்தவறாமையைக் கேட்டு எனக்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் உன்னை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

விழா முடிந்ததும் மீஞ்சூர்ப் பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தாள். அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலையாம், வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். கேடயத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, இத்த எங்க வெக்கறதுன்னே தெரியல. எங்க ஊட்ல டிவி மேலதான் எடம் கீது. உழுந்துடுமா?"

"உழாது. செவுத்துல சாச்சி வையி. ஜன்னல் பக்கம் வெக்காத, ஏரிக் காத்து பட்டா கறுத்துப் போவும். மாசம் ஒருக்கா புளி போட்டுத் தேய். தேச்சதும் ஈரம் இல்லாம தொடைச்சிடணும். சாம்பல் கீம்பல் போட்டுடாத, பேரு அழிஞ்சி போவும்."

பேசிக்கொண்டே போகிறேன், நிறுத்த முடியவில்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பிறகு தகட்டைத் தடவிப் பார்த்து, "இவங்க யாருக்கா? எம்பொண்ணு கேட்டுக்கினே கீது" என்றாள்.

"எங்கூட படிச்சவ. ஒரே பெஞ்சு."

"ஐயோ! ரொம்ப நல்லா படிப்பாங்களா?"

"ம். எனக்கு எப்பவும் அவளுக்கு அடுத்த எடந்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்றாள். அவள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்டேஷனில் அவர்கள் எதிர் நடைமேடையில் நின்றார்கள். கேடயம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தது, பலகையின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. அவர்கள் ரயில்தான் முதலில் வந்தது. அது கிளம்பிப் போன பிறகும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, சாரிமா" என்றாள் மகள்.

"அடுத்த வருசம் பத்தாவது. அதுக்கப்புறம் உனக்கு சான்ஸே கெடையாது, தெரியும்ல?"

"தெரியும்."

"எல்லாத்துக்கும் பேர் குடு. பாட்டுக்கும் குடு."

"எனக்குப் பாட வராதுமா."

"கேடயத்துல பேரு கீறவளுக்குந்தான் வராது. கத்தினு கெடப்பா. குடு. அவள ஊட்டுக்குக் கூட்டினு வந்துடணும்."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கேடயத்தப் பாத்தாலே திட்டுவியேமா?" என்றாள். எங்கள் ரயில் வந்துவிட்டது, நான் முந்திக்கொண்டு ஏறினேன்.

இன்று காலை காபியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். நேற்று மேடையில் உன்னைப் பற்றிச் சொன்ன பொய்யையெல்லாம் வைத்து உன்னைக் கிண்டல் பண்ண வாயெடுத்தேன். ஷோகேஸ் காலியாக இருந்தது. இந்நேரம் மீஞ்சூரில் யாரோ ஒருத்தி காபியோடு வந்து டிவி மேல் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உன்னைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு வருடம் முழுக்க நீ அவளுக்குத்தான். எனக்கு வயிறு எரிகிறதுடீ.